கடற்கரைப் பள்ளியில் தோட்டம் போட ஜூன் மாதம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது பற்றிய செய்திகள் பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான் வருகின்றன. 5-ஆம் தேதி சுற்றுச்சூழல் நாள், ஒரு கன்று, சுற்றி நிற்கும் பத்துப் பேர், ஒரு படம். அதே தோட்டத்தை ஆகஸ்டில் போய் யாரும் படம் எடுப்பதில்லை. எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது: காய்ந்த செடி வளர்ப்புப் பை, பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த உப்பு, ஆடு கடித்துப்போட்ட தண்டு. எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து ராமேசுவரம் வரையும், அங்கிருந்து கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரையும் உள்ள கடற்கரைப் பள்ளிகளில் தோட்டம் பொய்ப்பதற்குப் பிள்ளைகளும் காரணமில்லை, ஆசிரியர்களும் காரணமில்லை. திண்டுக்கல்லுக்கும் கோவைக்கும் பொருந்தும் நாள்காட்டியையும் விதைப் பொட்டலத்தையும் இங்கே அப்படியே கொண்டுவந்து வைப்பதுதான் காரணம்.

ஜூனில் இங்கே என்ன நடக்கிறது? கச்சான் காற்று ஓயாமல் அடிக்கிறது. மணலையும் உப்பு ஈரத்தையும் வாரி இலைமேல் இறைக்கிறது. தென்மேற்குப் பருவமழை நமக்கு ஏறக்குறைய இல்லை. கோடை முழுக்க இறைத்ததில் ஆழ்துளைக் கிணற்று நீர் வருடத்திலேயே அதிக உப்புடன் இருக்கும் நேரமும் அதுதான். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மழை செடிக்குத் தண்ணீர் தருவதோடு நிற்பதில்லை. ஒன்பது மாதம் மண்ணில் சேர்ந்த உப்பையும் கழுவிக் கீழே இறக்குகிறது. ஆகவே இங்கே பள்ளித் தோட்டத்தின் ஆண்டு, காலாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்ததும் தொடங்கி மார்ச்சில் முடிய வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை செய்ய வேறு வேலை இருக்கிறது: மண்ணைச் சேர்ப்பது, எருவை மட்க வைப்பது, வேலி கட்டுவது, எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீரைச் சோதிப்பது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆர்ஓ இயந்திரம் மாட்ட வருபவர் கையில், நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று பேனா போல இருக்கும். சில நூறு ரூபாய்தான். பள்ளிக்கு ஒன்று வாங்கிவிடலாம். குழாய் நீரை டம்ளரில் பிடித்து முனையை நனைத்தால் எண் காட்டும். 500-க்குள் இருந்தால் எதையும் வளர்க்கலாம். 500 முதல் 1,300 வரை என்றால் தண்டுக்கீரை, பருப்புக்கீரை, கத்தரி, கொத்தவரை, தட்டைப்பயறு தாங்கும். பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம் தாங்காது. 2,000-ஐத் தாண்டினால் அந்த நீரை நம்பிக் காய்கறி போட வேண்டாம். மழைக்காலப் பயிரோடு நிறுத்திக்கொள்ளலாம். பள்ளிகளுக்கு வரும் விதைப் பொட்டலத் தொகுப்பில் கேரட்டும் பீன்ஸும் முள்ளங்கியும் படத்தில் அழகாக இருப்பதால்தான் இடம்பெறுகின்றன என்று நினைக்கிறோம். உப்புக்கு முதலில் மடிபவையும் அவைதான்.

இந்த எண்ணையே பாடமாக்கலாம். மீட்டரில் 1,500 என்றால் ஒரு லிட்டரில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஒரு பைக்குத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் 60 நாளில் 90 கிராம். செடி தண்ணீரைக் குடிக்கும், உப்பில் பெரும்பகுதியைப் பையிலேயே விட்டுவிடும். நான்காம் வகுப்புப் பிள்ளை 90 கிராம் உப்பைத் தராசில் நிறுத்து ஒரு காகிதத்தில் கொட்டிப் பார்த்தால், பையில் செடி ஏன் ஓரம் கருகிச் செத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இன்னும் ஐயமிருந்தால் ஒரு லிட்டர் குழாய் நீரை அகலமான எவர்சில்வர் தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் வெயிலில் வையுங்கள்; வற்ற வற்ற மிச்ச நீரையும் ஊற்றுங்கள். கடைசியில் தட்டில் படிவதைச் சுரண்டி எடுக்கலாம். வாலிநோக்கம் உப்பளத்தில் நடப்பதும் இதுவே என்று சொன்னால், உப்பளம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

அதனால்தான் இந்தக் கரையில் வளர்ப்புப் பையைவிடத் தரைப் பாத்தி நல்லது. பாத்தியில் மழை பெய்தால் உப்பு இறங்கிப்போக வழி உண்டு. இடமில்லாமல் பைதான் என்றால், அடியில் துளைகள் திறந்திருக்கிறதா என்று பார்த்து, வாரம் ஒருமுறை அடியில் ஒழுகும் அளவுக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும். கோகோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூள் கட்டியை ஊறவைத்து அப்படியே பையில் நிரப்புவது இன்னொரு தவறு. தேங்காய் மட்டையை உவர் நீரில் ஊறப்போட்டு எடுத்த நார்த்தூளாக இருந்தால் உப்பு அதிலேயே இருக்கும். ஊறவைத்துப் பிழிந்த நீரில் டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். எண் இறங்கும் வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். பழைய ஓட்டு, காங்கிரீட் கூரைகளின்மேல் பைகளை ஏற்றுவதும் வேண்டாம். நனைந்த பை ஒன்று 20 கிலோவைத் தாண்டும். பொறியாளர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஏற்றக் கூடாது.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரைச் செடிக்கு ஊற்றச் சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் மதியம் சாப்பிட்டபின் தட்டுக் கழுவும் நீர் பள்ளியில் தினமும் ஓடுகிறது. 60 பிள்ளைகள், ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் 60 லிட்டர். முதல் அலசல் சோப்பில்லாமல் ஒரு தொட்டியில், அதன்பின் சோப்பு வேறு இடத்தில் என்று இரண்டாகப் பிரித்தால், முதல் தொட்டி நீரைச் சல்லடையில் வடிகட்டி வாழைக்கும் முருங்கைக்கும் விடலாம். கீரைக்கு இந்த நீர் கூடாது. தரையோடு ஒட்டி வளர்ந்து அப்படியே சமையலுக்குப் போவது அது. கை கழுவும் குழாயடியில் சோப்பில்லாமல் ஒழுகும் நீர், மழைக்காலத்தில் கூரைநீர், இவை கீரைக்கு. கூரைநீரின் முதல் மழையைத் தள்ளிவிட்டு இரண்டாவது மழையிலிருந்து பிடித்தால், காக்கை எச்சமும் தூசியும் போன நீர் கிடைக்கும்.

பாத்தியின் அகலம் 3 அடி. அதற்கு மேல் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளையின் கை ஒன்றரை அடிதான் எட்டும். இரு பக்கமிருந்தும் கை நீட்டினால் நடுவில் சேரும். 4 அடி வைத்தால் உள்ளே காலை வைத்து மண்ணை மிதித்து இறுக்கிவிடுவார்கள். நீளம் 10 அடி. உயரம் முக்கால் அடியாவது இருக்கட்டும். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேசுவரத்திலும் பாம்பனிலும் பெய்தது போல ஒரு மழை வந்தால், தாழ்ந்த பாத்தி குளமாகி வேரெல்லாம் அழுகிப்போகும். வெறும் மணல் தரையாக இருந்தால் ஓரடி தோண்டி, ஊறவைத்து அலசிய தேங்காய் மட்டையைக் குழிப்பக்கம் மேலே பார்க்க ஒரு வரிசை அடுக்கி, அதன்மேல் மண் போடுங்கள். மட்டை தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொடுக்கும். மண் கலவைக்குச் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மட்கிய எரு 1 பங்கு. மணல் கடற்கரையிலிருந்து வேண்டாம். உப்பும் வரும், சட்டமும் வரும். எருவுக்கு இங்கே பஞ்சமில்லை, ஆட்டுக் கிடை போடும் ஊர்கள்தானே. ஆனால் புதுப் புழுக்கையை அப்படியே போட்டால் சூட்டில் நாற்று கருகும். ஈரமாக்கி மூடி, மூன்று மாதம் மட்க வைக்க வேண்டும். இதற்காகத்தான் எரு வேலையை ஜூன் ஜூலையிலேயே தொடங்கச் சொல்கிறோம்.

காற்றுத் தடுப்புக்குத் தகரமோ சுவரோ வேண்டியதில்லை. காற்று சுவரில் மோதி மேலேறி மறுபக்கம் சுழன்று இறங்கி இலையை இன்னும் மோசமாகக் கிழிக்கும். கிடுகு அல்லது பனையோலையை இடைவெளி விட்டுக் கட்டினால் காற்று பாதி கசிந்து பாதி தளரும். 4 அடி வேலிக்குப் பின்னால் 20 அடி வரைக்கும் செடி பிழைத்துக்கொள்ளும். வேலி ஆட்டையும் தடுக்கும். சீமைக் கருவேல முள்ளை மட்டும் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைக்காதீர்கள். பாத்தியருகே அரளி, ஆமணக்கு, ஊமத்தை இருந்தால் முதலில் அவற்றை அகற்றுங்கள். இது சாப்பிடும் தோட்டம், பறித்ததை வாயில் வை என்று நாமே சொல்லிக்கொடுக்கும் இடம்.

இனி கீரை. விதையளவு ஏக்கருக்கு ஒரு கிலோ என்பது கணக்கு. 30 சதுர அடிப் பாத்திக்கு அது ஒரு கிராம்கூட வராது. எறும்பு, மழை, பிள்ளைகளின் கை ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 2 கிராம் வைத்துக்கொள்ளலாம், அரை டீஸ்பூன். அதை ஒரு கொட்டாங்கச்சி நிறைய உலர்ந்த மணலில் கலந்து தூவச் சொல்லுங்கள். மணல் கலக்காமல் கொடுத்தால் முதல் பிள்ளை மொத்த விதையையும் ஒரே இடத்தில் கொட்டிவிடும். பாத்தி ஓரத்தில் ஒரு கைப்பிடி அரிசி நொய்யைத் தூவிவைத்தால் எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போகும், விதையை விட்டுவிடும். மேலே மெல்லிய தென்னங்கீற்று போட்டு மழைத்துளி நேராக அடிக்காமல் காக்க வேண்டும். நான்கைந்து நாளில் முளை தெரிந்ததும் கீற்றை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், நாற்று வெளிறி நூலாக நீண்டு படுத்துவிடும். ஆகவே விதைப்பைத் திங்கட்கிழமையில் வைத்துக்கொள்வது நல்லது. ஐப்பசியின் அடைமழையில் கீரை விதைக்காதீர்கள். விதை முழுக்க ஒரு மூலையில் ஒதுங்கும், முளைத்தாலும் நாற்றழுகல் வரும். மழை இடைவிடும் கார்த்திகையில் தொடங்கினால் மாசி வரை தொடர்ந்து எடுக்கலாம். ஐப்பசிக்கு வெண்டையும் கொத்தவரையும் ஊன்றலாம், கத்தரி நாற்று விடலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில் ஆசிரியர்கள் ஏமாறக் கூடாது. 10-க்கு 3 அடிப் பாத்தியில் நன்றாக வந்தால் இரண்டரை முதல் மூன்று கிலோ கீரை, 25 முதல் 30 நாளில். மதிய உணவுத் திட்ட அளவுப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் காய்கறி 50 கிராம். அப்படியானால் ஒரு பாத்தி, 50 அல்லது 60 பிள்ளைகளுக்கு ஒரு வேளை. மூன்று பாத்திகளைப் பத்து நாள் இடைவெளியில் விதைத்தால் பத்து நாளைக்கு ஒருமுறை சத்துணவில் பள்ளிக் கீரை சேரும். ஒரு பாத்திக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர். அவ்வளவுதான் இந்தத் தோட்டத்தின் வலிமை. சத்துணவின் காய்கறிச் செலவை இது மிச்சப்படுத்தும் என்று பேசுவது வெறும் பேச்சு. இது பாடம், கூடவே கொஞ்சம் கீரை. சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி, காலை மணி அடித்தவுடன் பறித்து, பிள்ளைகளே எடை போட்டு, மூன்று தண்ணீரில் அலசிக் கொடுத்தால்தான் பருப்போடு சேரும். பதினொரு மணிக்கு ஒரு கூடை கீரையை நீட்டினால் சமையலர் கோபப்படுவது நியாயம்.

இந்தக் கரைக்கென்றே ஒரு பயிர் இருக்கிறது. அதைப் பள்ளித் தோட்டப் பட்டியல்களில் காண முடிவதில்லை. பனங்கிழங்கைச் சொல்கிறோம். விதைக்குக் காசில்லை. ஆவணி புரட்டாசியில் பனங்காடு எங்கும் பழம் விழுந்து கிடக்கும். ஒரு பழத்தில் இரண்டு அல்லது மூன்று கொட்டை. மண்ணைத் தளர்வாகக் குவித்து, ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்துக்கு மேடை போடுங்கள். அதன்மேல் கொட்டைகளைக் கண் கீழே பார்க்க, ஒன்றையொன்று தொட்டபடி ஒரே அடுக்காகப் பரப்பி, மூன்று விரற்கடை மண் மூடினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையே தண்ணீர். உப்புக் குழாயைத் திறக்கவே வேண்டாம். முளை முதலில் கீழ்நோக்கி இறங்கும். அது தடித்துத்தான் கிழங்காகிறது. மேட்டின் உயரம் குறைந்தாலோ அடியில் மண் இறுகியிருந்தாலோ கிழங்கு வளைந்து, பிடுங்கும்போது பாதியில் முறியும். இரண்டு அடுக்காகக் கொட்டையைப் போட்டால் பின்னிக்கொள்ளும். தைப்பொங்கலை ஒட்டிப் பிடுங்கிவிட வேண்டும். மாசி பங்குனி வரை விட்டால் நார் ஏறிப் பல்லுக்கு வேலை வைக்கும்.

கணக்குப் பாடத்துக்கு இதைவிட நல்ல பாத்தி கிடைக்காது. ஒரு சதுர மீட்டரில் 10 வரிசை, வரிசைக்கு 10 கொட்டை. இரண்டாம் வகுப்புக்குப் பத்தாம் வாய்ப்பாடு தரையில் கிடக்கிறது. தை மாதம் பிடுங்கும்போது 83 கிழங்கு வந்தால் ஐந்தாம் வகுப்பு விழுக்காடு படித்துவிடும். வராத 17 கொட்டையை உடைத்துப் பார்த்து, அழுகியதா, வண்டு தின்றதா, தவுன் (முளைக்கும் கொட்டைக்குள் திரளும் இனிப்பான வெள்ளைச் சதை) வைத்தும் முளை நின்றுபோனதா என்று பிரித்து எழுதினால் அது அறிவியல். கிழங்கு விட்ட கொட்டைக்குள்ளும் சிலவற்றில் தவுன் இருக்கும். அதற்கு அடிபிடி நடக்கும், கவனம். கொட்டை வெட்டுவது பெரியவர் வேலை, அரிவாள் பிள்ளைகள் கையில் வேண்டாம். கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு நன்றாக வேகவைத்து, நடு நரம்பை உருவிவிட்டுக் கொடுக்க வேண்டும். 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் பிள்ளைக்கு அதன் கிழங்கைப் பிடுங்கத் தெரியாவிட்டால் அந்த வரியால் என்ன பயன்?

புவிசார் குறியீடு 2023-ல் கிடைத்த நம் முண்டு மிளகாயையும் போடலாமே என்று கேட்பார்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் போடலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மிளகாயைக் கிள்ளிய கையால் கண்ணைக் கசக்கும். முருங்கை அவசியம் வேண்டும், ஆனால் வகுப்பறைத் தாழ்வாரத்தை விட்டுத் தள்ளி. மழை நின்றதும் தண்டில் கம்பளிப்பூச்சி மொத்தமாக ஒட்டிக்கொள்ளும். மேலே பட்டால் தடித்துவிடும். பள்ளியில் பூச்சிமருந்துக் கடைச் சரக்கு எதுவும் வேண்டாம். அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் நாலைந்து சொட்டுச் சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் பெரியவர் தெளிக்கலாம். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், முதலில் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயுமாக விழுந்து இலை வெந்துபோகும். மீன் அமிலம் நல்ல உரம்தான், மீனுக்கும் இங்கே குறைவில்லை. ஆனால் பள்ளிக்குள் அதைத் தயாரிக்காதீர்கள். சட்டியை நாய் உருட்டிய அன்று வகுப்பு நடக்காது.

மண்டபம், பாம்பன் பக்கம் கரை ஒதுங்கும் பாசியை உரமாக்கலாம். ஒதுங்கியதை மட்டுமே எடுக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் உயிரோடு இருப்பதைப் பிடுங்கக் கூடாது என்பதே அங்கே ஒரு பாடம். அள்ளிவந்த பாசியைக் குவித்து, ஐப்பசி மழையில் ஒரு மாதம் நனையவிட்டு உப்பைப் போக்கியபின், பத்துப் பங்கு எருவுக்கு ஒரு பங்கு சேர்க்கலாம். அவசரப்பட்டு அப்படியே போட்டால் உப்பைக் கூடை கூடையாகத் தோட்டத்தில் கொட்டியதாகும்.

அரையாண்டு விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போவது எல்லாப் பள்ளியிலும் நடப்பது. மானாமதுரை மண்பானை, மெருகு போடாதது, ஏழெட்டு லிட்டர் கொள்வது, கழுத்து வரை புதைத்து நிரப்பி மூடிவிட்டால் சுற்றியுள்ள நான்கு கத்தரிச் செடிக்கு மூன்று நான்கு நாள் ஈரம் கசியும். விடுமுறையில் இரண்டு முறை நிரப்ப ஒருவர் போதும். உப்பு நீர் நிரப்பினால் பானையின் நுண்துளை அடைபடும். ஆண்டுக்கு ஒருமுறை தோண்டியெடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்துப் புதைக்கலாம். கோடை விடுமுறைக்கு இந்த உத்தி போதாது. ஏப்ரலில் பாத்தியைக் காலி செய்து, விதைக்கு விட்ட கீரைக் கதிரை உலர்த்திச் சாம்பல் கலந்து பாட்டிலில் அடைத்து, பாத்தியைச் சருகால் மூடிவிடுவதே நல்லது. ஜூனில் அந்தச் சருகைக் கையால் கிளறக் கூடாது. குச்சியால் தட்டிவிட்டுப் பெரியவர்தான் எடுக்க வேண்டும். பாம்பும் தேளும் அங்கே குடியிருக்கும்.

பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு மத்திய அரசு 2019-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆகவே திட்டம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கடற்கரை ஒன்றியங்களுக்கும் நகராட்சிகளுக்கும் மூன்று திருத்தங்கள் போதும். கன்று, விதை வழங்கும் மாதத்தை ஜூனிலிருந்து அக்டோபருக்கு மாற்றலாம். விதைத் தொகுப்பில் கேரட், பீன்ஸ், முள்ளங்கியை எடுத்துவிட்டுத் தண்டுக்கீரை, பருப்புக்கீரை, கொத்தவரை, தட்டைப்பயறு வைக்கலாம். ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பள்ளிகளின் தண்ணீரையும் மண்ணையும் ஆண்டுக்கு இருமுறை, செப்டம்பரிலும் பிப்ரவரியிலும், அங்கே சோதிக்க ஏற்பாடு செய்து, அந்த எண்களைப் பள்ளிச் சுவரில் எழுதிவைக்கச் சொல்லலாம். இந்த ஆண்டு எதுவும் நடக்காவிட்டாலும், பனம்பழம் விழத் தொடங்கும்போது பள்ளிக்கு 100 கொட்டை பொறுக்கிவைக்க எந்த உத்தரவும் தேவையில்லை.

இப்படிக்கு,
பள்ளித் தோட்டப் பணியில் உள்ள ஆசிரியர்கள்,
ராமநாதபுரம் கடற்கரை வட்டாரம்.